கிளாஸா, மேட்டா, மேப்லித்தோவா? படப் புத்தகத்துக்குத் தாள் தேர்வு

இருநூறு பக்கம், ஏ4 அளவு. பாதிக்கு மேல் வண்ணப் படங்கள், மிச்சம் எழுத்து. கோயில் சிற்பமோ, பறவைகளோ, ஊர் வரலாறோ, இப்படி ஒரு புத்தகத்தை ஆஃப்செட்டில் அடிக்க அச்சகத்துக்குப் போனால் முதலில் வரும் கேள்வி: "எத்தனை ஜிஎஸ்எம்? கிளாஸா, மேட்டா?" ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். கிளாஸ் பளபளக்கும் தாள், மேட் பளபளக்காத தாள். இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. தாளின் மேல் பூசியிருக்கும் வெள்ளைக் கனிமம் எது, அது மையை எங்கே நிறுத்தும்? அதற்குப் பதில் தெரிந்தால் பளபளப்பு, கனம், பைண்டிங், உலரும் நேரம் எல்லாம் தானாக விளங்கும்.

பூச்சில்லாத மேப்லித்தோ தாளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மர நார்கள் வைக்கோல் பரப்பியதுபோல் கிடக்கும். ஒரு நாரின் அகலம் 20 முதல் 40 மைக்ரான். ஆஃப்செட் இயந்திரம் அதன்மேல் வைக்கும் மைப்படலமோ ஏறக்குறைய ஒரு மைக்ரான். மேடு பள்ளத்தில் இவ்வளவு மெல்லிய படலம் சீராகப் படியாது; பள்ளத்தில் விழுந்த மை நார்களுக்குள் இறங்கிவிடும். ஆர்ட் பேப்பரில், அதாவது கிளாஸ், மேட் போன்ற பூச்சுத் தாளில், அந்தப் பள்ளங்களை நிரப்பி மூடுவது நிறமிப் பூச்சு. நிறமி என்பது இங்கே அந்த வெள்ளைக் கனிமம்தான். அதன் துகள்களில் பெரும்பகுதி 2 மைக்ரானுக்கும் சிறியவை. துகள்களுக்கு நடுவே உள்ள துளைகள் அதைவிட மிக நுண்ணியவை. அந்தத் துளைகள் மையிலிருக்கும் எண்ணெயை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். நிறம் தரும் துகளும் பிசினும் மேலேயே தங்கிவிடும். ஆர்ட் பேப்பரில் சிவப்பு சிவப்பாகவே நிற்பது இதனால்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. இருமுறை பூசிய 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நார் அல்ல, கல். கல் கனமானது, இடம் குறைவாக அடைப்பது. பூசியபின் உருளைகளுக்கு இடையே அழுத்தி மெருகேற்றும்போது தாள் இன்னும் சப்பையாகிறது. அதனால் 130 ஜிஎஸ்எம் கிளாஸ் தாளின் தடிமன் சுமார் 0.10 மில்லிமீட்டர், அதே எடை மேட் சுமார் 0.12, 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோவே சுமார் 0.125. நம் புத்தகத்தின் நூறு இலைகளுக்குக் கணக்குப் போட்டால், கிளாஸில் முதுகு 10 மி.மீ., மேட்டில் 12, மேப்லித்தோவில் பன்னிரண்டரை. எடை, கிளாஸோ மேட்டோ அட்டையில்லாமல் 810 கிராமுக்குப் பக்கம், மேப்லித்தோ 625. ஒல்லியாகவும் கனமாகவும் இருக்கும் ஒரு புத்தகத்தைத்தான் கிளாஸ் தாள் தரும். தபாலில் அனுப்பப்போகிறவர் இந்த 185 கிராமை மறந்துவிடக் கூடாது. அட்டை வடிவமைப்பவருக்கு முதுகின் அகலத்தைச் சொல்லும் முன் ஜிஎஸ்எம்மை நம்பாமல், அந்தத் தாளிலேயே செய்த அச்சில்லாத மாதிரிப் புத்தகத்தை (டம்மி) அளந்து சொல்ல வேண்டும்.

களிமண்ணும் சுண்ணாம்பும்

பூச்சு நிறமிகளில் முதன்மையானவை இரண்டு. ஒன்று, சீனாக் களிமண் எனப்படும் கயோலின். திருவனந்தபுரத்துக்கு அருகே தோன்னக்கல் பகுதியில் கிடைப்பதும் இதே வகைதான். மற்றது, அரைத்த கால்சியம் கார்பனேட். சலவைக்கல்லையோ சுண்ணாம்புக்கல்லையோ நீரில் அரைத்து எடுத்த பால்.

கயோலின் துகள் தட்டையானது, சீட்டுக்கட்டின் சீட்டு மாதிரி. பூசும்போது தகடுகள் தாளோடு படுத்துக்கொள்ளும். ஆகவே நார்களை நன்றாக மூடும். மெருகேற்றினால் எளிதில் பளபளக்கும். எண்ணெய் வளைந்து வளைந்து இறங்க வேண்டியிருப்பதால் மை மேலே நிற்கும், அச்சின் பளபளப்பு கூடும். ஆனால் நிறத்தில் அது முழு வெள்ளை அல்ல, லேசான மஞ்சள் சாயல் இருக்கும். அதன் பாலைக் கெட்டியாகக் கலக்கவும் முடியாது. தகடுகள் ஒன்றோடொன்று சிக்கிக் கூழாகிவிடும். நீர் அதிகம், உலர்த்தும் செலவும் அதிகம்.

கார்பனேட் துகள் கட்டி கட்டியாக, உடைத்த கற்கண்டுபோல் இருக்கும். வெண்மை கயோலினைவிடக் கூடுதல், விலை குறைவு. எழுபது சதவீதத்துக்கு மேல் திடப்பொருள் கொண்ட பாலாகவும் பம்பில் ஓடும். ஆலைகள் கார்பனேட் பக்கம் சாய்ந்ததற்கு இவையே காரணம். குறை என்னவென்றால், துகள்களுக்கு இடையே திறந்த வழிகள் கூடுதல். எண்ணெய் விரைவாக இறங்கும். மை சட்டென்று பிடிக்கும், ஆனால் அச்சின் பளபளப்பு சற்றுக் குறையும். மிக நுண்ணியதாக அரைத்தால் கார்பனேட்டும் நல்ல பளபளப்பைத் தரும். பருமனாக அரைத்ததோ மேட் தாளுக்குப் போகும். மேட்டின் பெரிய தலைவலி பிறப்பதும் அங்கேதான். அதற்குப் பிறகு வருவோம்.

மற்ற நிறமிகள் மசாலா மாதிரி, அளவாகச் சேர்ப்பவை. அரைக்காமல் வேதிவினையில் வீழ்படிவாக்கிய கார்பனேட் துகள்கள் ஒரே அளவில் இருப்பதால் ஒளியை நன்றாகச் சிதறடிக்கும், மையையும் வேகமாகக் குடிக்கும். டைட்டானியம் டையாக்சைடு ஒளியை வளைக்கும் திறனில் மற்றவற்றை வெகுவாக மிஞ்சியது: ஒளிவிலகல் எண் கயோலினுக்கு 1.56 என்றால் இதற்கு 2.55 முதல் 2.7. மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரியாமல் மறைக்க இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் விலை அதிகம். புறஊதாக் கதிரை விழுங்குவதால், அதே கதிரை நீல ஒளியாக மாற்றித் தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வெண்மைச் சாயத்தின் பலனையும் குறைத்துவிடும். 130 ஜிஎஸ்எம் தாளுக்கு இது தேவையே இல்லை.

நிறமியைப் பிடித்துவைக்கும் பசையும் முக்கியம். நூறு பங்கு நிறமிக்கு சுமார் 10 முதல் 14 பங்கு, லேட்டக்ஸோ (செயற்கை ரப்பர் பால்) ஸ்டார்ச்சோ இரண்டுமோ. பசை குறைந்தால் மையின் இழுப்புக்கு ஈடுகொடுக்காமல் பூச்சு பெயர்ந்து, பிளேட்டிலிருந்து மையை வாங்கித் தாளில் பதிக்கும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டில் ஒட்டும். கறுப்புத் திட்டில் வெள்ளைப் புள்ளிகள் விழும். கூடினால் துளைகள் அடைபடும், மை உலராது. ஸ்டார்ச் விறைப்பு தரும், ஆனால் மடிப்பில் வெடிக்கும், லேட்டக்ஸ் வளைந்துகொடுக்கும்.

வண்ணம் எவ்வளவு மாறும்

கண்ணளவில் சொல்வதைவிட எண்ணில் சொல்வது நல்லது. ஆஃப்செட்டுக்கான ஐஎஸ்ஓ 12647-2 தரத்தின் 2004 பதிப்பில் கறுப்பு மையின் வெளிச்ச அளவு பூச்சுத் தாளில் 16, பூச்சில்லாத தாளில் 31. பூஜ்யம் முழுக் கறுப்பு, நூறு முழு வெள்ளை. அதாவது மேப்லித்தோவில் கறுப்பு என்பது அடர்சாம்பல்தான். கருவறை விளக்கொளியில் எடுத்த படத்தின் நிழல் விவரங்கள் அந்தச் சாம்பலில் கரைந்துபோகும். எந்த அச்சகராலும் மையைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. கூட்டினால் எழுத்து வீங்கும், பின்பக்கம் எண்ணெய் ஊறித் தெரியும்.

ஆஃப்செட்டில் படம் நுண்புள்ளிகளாக விழும்; அந்தப் புள்ளிகளின் வீக்கமும் அப்படித்தான். பிளேட்டில் 50 சதவீதமாக இருக்கும் புள்ளி பூச்சுத் தாளில் 64 வாக்கில் விழுந்தால், பூச்சில்லாத தாளில் 70ஐத் தாண்டும். அதனால்தான் திரை அடர்த்தி, அதாவது புள்ளி வரிசைகளின் நெருக்கம், ஆர்ட் பேப்பருக்கு அங்குலத்துக்கு 175 வரி, மேப்லித்தோவுக்கு 133 அல்லது 150. நான்கு மைகளின் கூட்டு அளவு ஆர்ட் பேப்பரில் 300 முதல் 330 சதவீதம் வரை தாங்கும். மேப்லித்தோவில் 280க்குள் வைப்பது பாதுகாப்பு. இவை எல்லாமே படத்தை நான்கு மைகளுக்கான நிறங்களாகப் பிரிக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. ஆகவே தாளை முதலில் முடிவுசெய்யுங்கள், படத்தைப் பிறகு பிரியுங்கள். ஆர்ட் பேப்பருக்கெனப் பிரித்த கோப்பைக் கடைசி நேரத்தில் செலவு குறைக்க மேப்லித்தோவுக்கு மாற்றுவதுதான் புத்தகங்கள் சேறாக வருவதற்கு மிகப் பொதுவான காரணம்.

கிளாஸ் எங்கே சரி, எங்கே தவறு

ஆழ்ந்த நிறம், கூர்மை, விரைவான உலர்வு மூன்றிலும் கிளாஸ் முன்னால் நிற்கும். பறவை இறகு, பட்டுச் சேலை, நகை, சமையல் படம் இவற்றுக்கு அதற்கு ஈடில்லை. சில மணி நேரத்தில் மறுபக்கம் அடிக்கலாம். ஆனால் நீண்ட எழுத்தைப் படிக்க அது ஏற்றதல்ல. டியூப்லைட்டின் கீழே பக்கத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பிடிக்கவேண்டி வரும். பாதிப் பக்கம் எழுத்து உள்ள புத்தகத்துக்கு இதைத் தேர்வது வாசகருக்குச் செய்யும் அநியாயம் என்றே தோன்றுகிறது.

கிளாஸில் நேரும் கோளாறுகளில் கவனிக்க வேண்டியது திட்டுத்திட்டாகத் தெரிவது. நீல வானம், சாம்பல் சுவர் போன்ற சீரான பரப்புகளில் மேகம்போலத் திட்டு விழும். ஆலையில் பூச்சு உலரும்போது பசை மேற்பரப்புக்கு ஏறுகிறது. ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் ஏறினால், மை ஓரிடத்தில் சீக்கிரமும் ஓரிடத்தில் தாமதமாகவும் இறுகும். இயந்திரத்தில் நிறத்துக்கு ஒரு யூனிட்; முதல் யூனிட்டில் விழுந்த நிறத்தை அடுத்த யூனிட்டுகளின் பிளாங்கெட்டுகள் இறுகாத இடத்தில் மட்டும் திரும்ப எடுத்துவிடும். இயந்திரத்தில் அழுத்தத்தை மாற்றினால் இது போகாது. வண்ண வரிசையை மாற்றிப் பார்க்கலாம், ஒட்டுத்தன்மை குறைந்த மையைப் போடலாம். நிரந்தரத் தீர்வு வேறு லாட் தாள், அதாவது ஆலையில் வேறு தொகுதியாக உருவான தாள்.

இன்னொன்று ஈரம். நனைந்த ஆர்ட் பேப்பர் புத்தகம் அப்படியே காய்ந்தால் பூச்சும் பூச்சும் ஒட்டிக் கல்லாகிவிடும். பிரித்தால் படம் உரிந்து வரும். மேப்லித்தோ புத்தகம் அலை அலையாகச் சுருங்கினாலும் படிக்கலாம். மழையில் நனைந்த ஆர்ட் பேப்பர் புத்தகம் கையில் இருந்தால் காயவிடாதீர்கள். ஈரம் இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்துங்கள், முடியாவிட்டால் பாலித்தீனில் சுற்றி உறைநிலையில் வையுங்கள்.

மேட்டின் தலைவலி

நம் உதாரணப் புத்தகத்துக்குப் பெரும்பாலோர் தேர்வது மேட். காரணமும் சரியானதே: கிளாஸின் வண்ண ஆழத்தில் பெரும்பகுதி கிடைக்கும், கண் கூசாது, தாள் சற்று விறைப்பாக நிற்கும். ஆனால் மேட் தாளில் மை தேய்ந்து கழன்றுவரும் என்பதை விற்பவர் சொல்வதில்லை.

பருமனான கார்பனேட் துகள்கள் மேற்பரப்பில் மணல்தாள்போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எண்ணெயோடு பிசினும் கொஞ்சம் உள்ளே போய்விடுவதால் மேலே இருக்கும் நிறத் துகள்களுக்குப் பிடிப்பு குறைவு. எதிர்ப்பக்கத்து வெறும் வெள்ளைத் தாள் அதன்மேல் உரசும்போது கறுப்பு அங்கே ஒட்டிக்கொள்கிறது. புத்தகம் லாரியில் நூறு கிலோமீட்டர் அதிர்ந்துகொண்டு போனால், அச்சகத்தில் குறையில்லாமல் கட்டிய கட்டு கடையில் கறையோடு திறக்கும். இது மை தரக்குறைவு அல்ல, தாள் கெட்டதும் அல்ல, மேட்டின் இயல்பு.

இதற்குச் செய்யக்கூடியவை பல, அவற்றில் முதலாவதை விட்டுவிடாதீர்கள். நீர்சார்ந்த மேட் பூச்சோ மேட் வார்னிஷோ படப் பக்கங்கள் முழுவதற்கும் கொடுங்கள். மேட் தாளின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துத்தான் கிளாஸோடு ஒப்பிட வேண்டும். அடுத்து, மைக்கூட்டை 280க்கு இறக்கி நிழலில் கறுப்பையே முதன்மையாக்கிப் பிரியுங்கள். பக்க அமைப்பிலேயே, முழு இருட்டுப் படத்துக்கு எதிரே வெறும் வெள்ளைப் பக்கம் வராமல் பாருங்கள். அச்சான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவும் ஸ்ப்ரே பவுடரில் பருமனானதைத் தவிர்க்க வேண்டும். அது உரசலை இன்னும் கூட்டும். மடிப்புக்கு அனுப்பும் முன் குறைந்தது 24 மணி நேரம், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் 48 மணி நேரம் ஆறவிடச் சொல்லுங்கள். காற்றில் ஈரம் கூடினால் மையின் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவது தாமதப்படும். கட்டு கட்டும்போது ஆடாமல் இறுக்கிச் சுருள்பாலித்தீனில் அடையுங்கள்.

கயோலின் கலவை கூடுதலான மேட் தாள் கிடைத்தால் அதற்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. சில்க் என்று விற்கும் இடைநிலைத் தாளும் இதே காரணத்துக்காகப் பரிசீலிக்கத் தகுந்தது: மேட்டைவிட வழவழப்பு, உரசல் குறைவு, கூச்சமும் பெரிதாக இல்லை.

மேப்லித்தோவைத் தள்ளிவிட வேண்டாம்

கோட்டோவியம், பழைய கறுப்பு வெள்ளைப் படம், வரைபடம், நீர்வண்ணம் இவை பூச்சில்லாத தாளில் தனி அழகோடு வரும். பேனாவில் குறிப்பெழுதலாம், கண்ணுக்கு இதம், புத்தகம் கனமில்லாமல் விரிந்து படுக்கும். கரூர் அருகே காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து வரும் தாள் உட்படப் பல வகைகள் கிடைக்கின்றன. வண்ணப் படம் இருபது பக்கத்துக்குள் அடங்கும் என்றால், எழுத்து முழுவதையும் 80 அல்லது 90 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் அடித்து, படங்களை மட்டும் 16 பக்கப் பாரமாக (ஒரே தாளில் அடித்து மடிக்கும் பகுதி) ஆர்ட் பேப்பரில் அடித்து நடுவே சேர்ப்பதே சிறந்தது. பழைய முறைதான், ஆனால் இன்றும் தோற்காத முறை.

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று புதிய ஆண்டின் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். தினசரி காலண்டரைப் பாருங்கள்: மேலே சாமிப் படம் பளபளக்கும் அட்டையில், கீழே கிழிக்கும் தாள் பூச்சில்லாதது. பால் கணக்கு எழுதும் தாளும் படம் காட்டும் தாளும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதை அந்தத் தொழில் எப்போதோ முடிவுசெய்துவிட்டது.

இயந்திரத்திலும் பைண்டிங்கிலும்

கார்பனேட் அமிலத்தில் கரையும். அச்சின்போது பிளேட்டை நனைக்கும் நீரான பவுண்டன் சொல்யூஷனின் பிஎச் (அமில அளவு) பொதுவாக 4.8 முதல் 5.3. கார்பனேட் பூச்சுத் தாள் தொடர்ந்து ஓடும்போது கால்சியம் கரைந்து கலப்பதால் பிஎச் ஏறும். கால்சியம் உப்பு மை உருளைகளில் வழவழப்பாகப் படியும். பிறகு உருளையில் மை ஏறாமல் வழுக்கும். நாளுக்கு இருமுறை பிஎச்சும் மின்கடத்துதிறனும் பார்ப்பது, வாரம் ஒருமுறை கால்சியம் நீக்கியால் உருளை கழுவுவது, இவ்வளவே போதும்.

பைண்டிங்கில் ஆர்ட் பேப்பருக்கு வழக்கமான சூட்டுப் பசை நம்பத்தக்கதல்ல. பசை பிடிப்பது நாரில். இங்கே தாளில் பெரும்பங்கு கல். கனமான தாள் தன் எடையாலேயே பசையிலிருந்து கழன்றுவரும். 130 ஜிஎஸ்எம் கிளாஸில் நூறு இலை என்றால் நூல் தையல், அல்லது பியுஆர் (பாலியூரித்தேன்) பசை. 170 ஜிஎஸ்எம்முக்கு மேல் மடிப்பு வந்தால் முதலில் கிரீஸ் போட வேண்டும், அதாவது மடிப்புக் கோட்டை அழுத்திப் பதிக்க வேண்டும். நார் ஓடும் திசைக்கு இணையாக மடிக்க வேண்டும். மடிப்புக் கோட்டில் அடர் நிறம் ஓடாமல் வடிவமைத்தால் வெடிப்பு வந்தாலும் உறுத்தாது.

வீட்டு இங்க்ஜெட்டில் மாதிரிப் பிரதி எடுக்க ஆர்ட் பேப்பரைச் செருகுவோர் உண்டு. நீர் மை அதில் குளமாக நிற்கும். இங்க்ஜெட் தாளின் பூச்சு வேறு: நுண்துளைச் சிலிக்காவும் பாலிவினைல் ஆல்கஹாலும். ஒன்றின் மாதிரியை வைத்து மற்றதை மதிப்பிட முடியாது.

வாங்கும் முன் மேசையில்

மாதிரித் தாளில் வெள்ளி மோதிரத்தால் லேசாகக் கோடு இழுங்கள். சாம்பல் கோடு விழுந்தால் பூச்சு உண்டு. கோடு அழுத்தமாக விழுந்தால் துகள் கடினமானது அல்லது பருமனானது, மை உரசலுக்கும் ஆளாகும். ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உடனே நுரைத்தால் கார்பனேட். விரலை நனைத்துத் தேய்த்துக் கறுப்புத் தாளில் ஒற்றினால் பால்போல் வெள்ளை வந்தால் பசை நீரைத் தாங்காது. அந்தத் தாள் ஈரமான பிளாங்கெட்டில் சீக்கிரம் அழுக்கு சேர்க்கும். கடைசியாக, அச்சு மையைத் தடிமனாகத் தடவி இரண்டு நிமிடம் கழித்துத் துடையுங்கள். மிஞ்சும் கறை கறுப்பாக இருந்தால் உறிஞ்சல் அதிகம், வெளுப்பாக இருந்தால் குறைவு; கறை திட்டுத்திட்டாக இருந்தால் அந்த லாட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த இருநூறு பக்கப் புத்தகத்துக்கு என் தேர்வு: கயோலின் கூடிய மேட் அல்லது சில்க், 130 ஜிஎஸ்எம், மேலே நீர்சார்ந்த மேட் பூச்சு, நூல் தையல். அந்த மேல் பூச்சுக்குப் பணமில்லை என்றால் மேட் வேண்டாம். எழுத்தை மேப்லித்தோவுக்கும் படத்தைக் கிளாஸுக்கும் பிரித்துவிடுவது மேல். எதைத் தேர்ந்தாலும் ஆர்டர் கொடுக்கும் முன், வரப்போகும் அதே லாட்டிலிருந்து பத்துத் தாள் வாங்கி, புத்தகத்தின் மிக இருண்ட படத்தை அடித்து, 48 மணி நேரம் கழித்து அதன்மேல் வெறும் தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்தி இருபது முறை தேயுங்கள். வெறும் தாளில் கறுப்பு ஏறினால் லாட்டை மாற்றுங்கள், அல்லது வார்னிஷுக்குப் பணம் ஒதுக்குங்கள்.